அளவு நோட்டில் ஏறிய இன்ச்சுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருச்செங்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். 1996-ல் போட்ட கடை. போர்வெல் போடும் ரிக் வண்டிக்குப் பேர்போன ஊர் என்பார்கள். எனக்குச் சோறு போடுவது ஊரைச் சுற்றியிருக்கும் கல்லூரிகள்தான். இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ஒர்க்‌ஷாப் யூனிஃபார்ம், பார்மசிக்கும் நர்சிங்குக்கும் வெள்ளைக் கோட்டு, கடைசி வருஷத்துக்காரர்களுக்கு இன்டர்வியூ பேன்ட் சட்டை. ஆண் பிள்ளைகளுக்கு நான் அளவெடுப்பேன், பெண் பிள்ளைகளுக்கு என் மனைவி.

உங்கள் பேப்பரைக் கடையில் தினமும் போடுகிறேன். சர்க்கரை நோயைப் பற்றி டாக்டர்கள் எழுதுவதை விடாமல் படிப்பேன். எல்லாமே 40, 50 வயதுக்காரருக்குச் சொல்வது போலத்தான் இருக்கிறது. நான் சொல்ல வந்தது 18 முதல் 22 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. அவர்களுடைய இடுப்பை அளந்து, தேதி போட்டு எழுதிவைக்கிற ஆள் எங்கள் பக்கத்தில் என்னைப் போன்ற டைலர்கள் மட்டும்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அளவு நோட்டுகளை நான் எடைக்குப் போடுவதில்லை. பழைய நோட்டுகளில் முதலாண்டுப் பையன்களின் இடுப்பு 26, 27, 28 என்று இறங்கிப்போகும். 30 என்று எழுதினால் 'பெரிய வீட்டுப் பிள்ளை' என்று கிண்டலாக நினைத்துக்கொள்வேன். பெல்ட் வாங்கி வந்து, "அண்ணா, இன்னும் ரெண்டு ஓட்டை போட்டுத் தாங்க" என்பார்கள். அதற்கென்றே ஓர் ஆணியும் சுத்தியலும் மேசைக்கடியில் கிடக்கும். கடைசியாக எந்த வருஷம் அந்த ஆணியை எடுத்தேன் என்று நினைவில்லை. இப்போது வரும் வேலை நேர்மாறானது. "அண்ணா, கொஞ்சம் லூஸ் பண்ணித் தாங்க."

28 இடுப்போடு வரும் பையன் 30 ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். பாதிப் பேர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள், காட்டு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். நல்ல சோறு கிடைத்து உடம்பு தேறுவது வேறு. நான் பார்ப்பது அது இல்லை. முதல் வருஷம் இடுப்பு 29, சீட் (பின்பக்கச் சுற்று) 36, தொடை 21 என்று எழுதிய பையன் நாலாம் வருஷம் வந்தால் இடுப்பு 34 அரை, சீட் 37, தொடை அதே 21. மணிக்கட்டு பழைய மணிக்கட்டுதான், தோளும் ஏறவில்லை. ஏறியது வயிறு ஒன்றுதான். இந்த உடம்புக்குப் பேன்ட் வெட்டுவது லேசான காரியமில்லை. இடுப்புக்குச் சரியாக வெட்டினால் பின்பக்கம் தொளதொளக்கும், சீட்டுக்குச் சரியாக வெட்டினால் ஊக்கு மாட்டாது. 20 வருஷம் முன்பு இந்த வெட்டு 45 வயதுக் கணக்குப்பிள்ளைகளுக்கு உரியது.

என் மகள் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "இதுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு பேருங்கப்பா" என்றாள். அது ஒரு நோய் இல்லையாம், ஐந்து சங்கதிகள் சேர்ந்து நிற்பதாம். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு, ஹெச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பு. அழுத்தம் 130/85-ஐத் தொட்டாலோ, சர்க்கரை 100-ஐத் தொட்டாலோ, ட்ரைகிளிசரைடு 150-ஐத் தொட்டாலோ ஒவ்வொன்றும் ஒரு கணக்கு. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்கினால் அதுவும் ஒன்று. ஐந்தில் மூன்று சேர்ந்தால் சிண்ட்ரோம். சேர்ந்தவருக்குப் பின்னாளில் சர்க்கரையும் மாரடைப்பும் வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 1988-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் என்ற டாக்டர் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பேர் வைத்து இதைப் பேசியபோது பட்டியலில் இடுப்பு அளவு இல்லையாம். பிற்பாடுதான் இன்ச் டேப்புக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

நம்மவர்களுக்கு அளவும் வேறு. ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்டிமீட்டர் வரை விடுகிறார்கள், தெற்காசிய ஆணுக்கு 90-தான். நம் பெண்களுக்கு 80. டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். 90 என்பது 35 அரை இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு, 80 என்பது 31 அரை. சரி, என் நோட்டில் 36 எழுதியவர்கள் மட்டும்தானே மாட்டுவார்கள் என்று ஆறுதலாக இருந்தேன். மகள் டேப்பை வாங்கி என்னையே நிற்கவைத்தாள். நாங்கள் பேன்ட் இடுப்பு எடுப்பது பேன்ட் உட்காருகிற இடத்தில், தொப்புளுக்குக் கீழே. டாக்டர்கள் எடுப்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். தொப்பை உள்ளவன் பேன்ட்டை அதற்குக் கீழே இறக்கித்தானே போடுவான்? அதனால் என் 34 அவர்களுடைய 37 ஆகலாம். என் இடுப்பு நோட்டுக் கணக்கில் 35, அவள் கணக்கில் 98 சென்டிமீட்டர். 29 வருஷம் உட்கார்ந்து மிஷின் மிதித்தவனுக்கு அவ்வளவு இருக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு வயது 53. பையனுக்கு 21.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 29-லிருந்து 34 அரைக்குப் போனவன். பார்மசி மாணவன். பேரும் ஊரும் போடாமல் எழுதுங்கள் என்று அவனே சம்மதம் தந்தான். இன்டர்வியூவுக்குச் சட்டை தைக்க நண்பர்களோடு வந்தான். காலர் அளவுக்குக் கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டபோது பின்கழுத்தில் கறுப்பாக மடிப்பு மடிப்பாக இருந்தது. விரல் பட்டால் வெல்வெட் துணி மாதிரி. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏன் தம்பி, குளிக்கையில கழுத்தத் தேய்க்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணே ஆயிருச்சுங்கண்ணா" என்றான். பீர்க்கங்கூடு, எலுமிச்சம்பழம், டி.வி.யில் காட்டுகிற கிரீம் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறான். காலர் பொத்தானைக் கழுத்துவரை போடுவது ஸ்டைல் என்று நினைத்திருந்தேன், மறைக்கத்தான்.

அன்றிரவு இதை வீட்டில் சொன்னபோது மகள் என்னைத் திட்டிய திட்டை எழுத முடியாது. அது அழுக்கில்லையாம். உடம்பில் சுரக்கும் இன்சுலின் வேலை செய்யாமல் தேங்கும்போது, கணையம் இன்னும் இன்னும் சுரந்துகொண்டே போகும்போது, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுக்குமாம். சர்க்கரை ஏறுவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இது வந்துவிடலாம். சோப்பு போட்டுப் போகிற விஷயமில்லை.

ட்ரயல் பார்க்க வந்தவனைத் தனியாக உள்ளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மகள் சொன்னதைச் சொன்னேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் ரத்தம் கொடு என்றேன். கொடுத்தான், ரிப்போர்ட்டை அவனே கொண்டுவந்து மேசையில் விரித்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. ட்ரைகிளிசரைடு 238. நல்ல கொழுப்பு 34. அழுத்தம் 136/88. இடுப்பு, மகள் எடுத்த முறையில், 96 சென்டிமீட்டர். ஐந்துக்கு ஐந்து. எடை 74 கிலோ, உயரம் அஞ்சே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. தெருவில் பார்த்தால் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இதுதான் நம் ஊர் உடம்பின் ஏமாற்று. புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் தங்கள் இருவர் படத்தையே போட்டு இதைக் காட்டினார்களாம். பி.எம்.ஐ. என்கிற, உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். எடை மிஷினில் காசு போட்டு வருகிற சீட்டை நம்பிக்கொண்டிருந்தால் நடப்பது இதுதான்.

பெண் பிள்ளைகளின் கதையை மனைவி வழியாகத்தான் அறிவேன். நர்சிங் பிள்ளைகளின் சுடிதார் டாப்ஸில் சைடு பிரித்து விடுவது வாரத்துக்கு நாலைந்து வரும். அளவெடுக்கையில் அக்காவிடம் மனசைத் திறப்பார்கள். மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை, முகத்தில் முடி வளர்கிறது, டாக்டர் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்கிறார், வீட்டில் சொன்னால் கல்யாணத்துக்குத் தடை என்று மறைக்கச் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இந்த இன்சுலின் கோளாறோடு கூடப்பிறந்ததுதான் என்கிறாள் மகள். மறைக்க வேண்டிய விஷயம் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு அளப்பது எங்கே?

மறைப்பதில் என் பங்கும் உண்டு. பேன்ட்டின் பின் தையலில் ஒன்றரை இன்ச் உள்துணி விட்டுத் தைப்பது எங்கள் தொழில் வழக்கம். பிரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுவும் போதாமல் நாலைந்து வருஷமாக இடுப்புப் பட்டிக்குள் இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துத் தருகிறேன். 'மூணு இன்ச் வரை கவலையில்லை' என்று கடையில் எழுதியே வைத்திருந்தேன், பெருமையாக. போதாக்குறைக்கு இழுத்தால் வருகிற ஸ்ட்ரெச் துணி வந்துவிட்டது. ஹாஸ்டலில் டிராக் பேன்ட், வகுப்புக்கு ஸ்ட்ரெச் ஜீன்ஸ். பழைய காட்டன் பேன்ட் ஊக்கு தெறித்துச் சொல்லிவிடும். இந்தத் துணி வாயே திறக்காது. அந்த எலாஸ்டிக் போர்டை எடுத்துவிட்டேன்.

எப்படி ஏறுகிறது என்று கேட்டால், கடை வாசலில் நின்றாலே தெரியும். காலை எட்டேகாலுக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பாதிப் பேர் சாப்பிட்டிருப்பதில்லை. ராத்திரி இரண்டு மணி வரை போன். மத்தியானம் மெஸ்ஸில் சோறும் சாம்பாரும் எவ்வளவு வேண்டுமானாலும், காய் என்றால் உருளைக்கிழங்கு. நாமக்கல் மாவட்டம் நாடெங்கும் முட்டை அனுப்புகிறது. எங்கள் கடைக்கு வரும் ஒரு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு இரண்டு முட்டைதான். அந்தப் பசி சாயங்காலம் நாலரைக்கு பப்ஸிலும் பஜ்ஜியிலும் இறங்குகிறது, மீதி ராத்திரி பதினொன்றுக்கு பரோட்டா சால்னாவில். கூட ஒரு கூல்ட்ரிங்க்ஸ். ஒரு பாட்டிலின் லேபிளைப் படித்துப் பார்த்தேன், 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. 250 மில்லி குடித்தால் அஞ்சரை டீஸ்பூன். டீயில் யாராவது அஞ்சரை ஸ்பூன் போட்டால் கையைத் தட்டிவிடுவோம்.

நடை சுத்தமாக இல்லை. நான் அளவெடுக்கப் போகும் ஒரு கல்லூரியில் விளையாட்டு மைதானத்தில் பாதி இப்போது பஸ் நிறுத்துமிடம். பி.இ.டி. பீரியடில் லேப் நடக்கிறது. ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கே வேன். அர்த்தநாரீஸ்வரர் மலைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. முன்பு பரீட்சைக்கு முதல் நாள் பையன்கள் படியேறிப் போய் வருவார்கள். இப்போது மலைப்பாதையில் பைக்கில் போய்ச் சாமி கும்பிட்டு, கீழே வந்து பானிபூரி சாப்பிடுகிறார்கள். சாமியைக் குறை சொல்ல முடியாது.

கல்லூரியில் சேரும்போது உடல் தகுதிச் சான்று கேட்கிறார்களே, அதில் பார்ப்பதில்லையா என்று கேட்கலாம். அதை எப்படி வாங்குகிறார்கள் என்று எல்லா அப்பா அம்மாவுக்கும் தெரியும். ஃபாரத்தை நீட்டினால் கையெழுத்து வரும், டேப் வராது. அரசாங்கத்தின் தேசியத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது 30 வயதுக்கு மேற்பட்டவர்களைக் குறிவைத்து ஆரம்பித்தது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது, அது பள்ளிக்கு. கல்லூரிகளில் நொறுக்குத்தீனி விற்காதீர்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லும் 2018-லும் சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் பக்கத்துக் கேன்டீன்களில் பப்ஸ் தட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிளஸ் டூ முடித்த அன்றிலிருந்து 30 வயது வரை இந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாத வயதில் இருக்கிறார்கள்.

அதற்குள் என்ன ஆகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கு 2023-ல் வந்தது. 20 வயதுக்கு மேல் உள்ளவர்களைத்தான் பார்த்தார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். வயிற்றுப் பருமன் மட்டும் 39.5 சதவீதம் பேருக்கு. வாசலில் நிற்பது லேசான விஷயம் இல்லை என்பதையும் சென்னையிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை மூன்று வருஷம் பின்தொடர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான ஆலோசனையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே வருஷத்தில் சர்க்கரைக்காரர் ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றவைத்த குழுவில் அது 39.3 சதவீதம். அவர்கள் எல்லாம் நடுத்தர வயதுக்காரர்கள். 20 வயது உடம்பு இன்னும் நன்றாகவே சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறேன்.

என் பார்மசிப் பையனுக்கு டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்றாராம். கூல்ட்ரிங்க்ஸை நிறுத்தினான். ராத்திரி பரோட்டாவை வாரத்துக்கு ஒன்றாக்கினான், முழுக்க விட முடியவில்லை என்று ஒத்துக்கொண்டான். வாரத்தில் நாலு நாள் மலைப்படி ஏறினான். பட்டமளிப்புக்குப் பேன்ட் தைக்க வந்தபோது என் டேப்பில் 33 முக்கால். முக்கால் இன்ச்தான் குறைந்திருந்தது. மறு ரிப்போர்ட் எடுத்தானா என்று நான் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டுப் பட்டது போதும்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. சேரும்போதும் அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவையும் இடுப்பு, ரத்த அழுத்தம் பாருங்கள். இடுப்பு தாண்டியவர்களுக்கும் கழுத்து கறுத்தவர்களுக்கும் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டால் வருவார்கள். முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டாதீர்கள், வகுப்பில் வாசிக்காதீர்கள். சிரிப்பு என்ன செய்யும் என்று என் கடையிலேயே பார்த்துவிட்டேன். மைதானத்திலிருந்து பஸ்களை வெளியே எடுங்கள். மெஸ்ஸில் தினம் ஒரு முட்டையோ சுண்டலோ வையுங்கள்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு டேப் கூட வேண்டியதில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். மடித்த நூல் தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. டைலர் முன்னால் எல்லோரும் எக்குவார்கள், எங்களுக்குத் தெரியும். சேரவில்லை என்றால் போய் ரத்தம் கொடுங்கள்.

ஜூலையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அளவெடுக்க ஆடிட்டோரியத்தில் உட்காருவோம். நான், மனைவி, இரண்டு பையன்கள். இந்த வருஷம் அளவு நோட்டில் இடுப்பு, சீட், தொடைக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். அதில் சென்டிமீட்டரில் எழுதுவோம், மகள் சொல்லிக்கொடுத்த இடத்தில் டேப் வைத்து. அந்த எண்ணைக் கல்லூரி ஆபீஸுக்குத் தர மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, துணி ரசீதோடு சேர்த்து அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிடுவேன்.

கல்லூரி ஆர்டரில் பிழைப்பவன் என்பதால் பெயரைப் பிரசுரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்,
திருச்செங்கோடு.